மசோதாவை எதிர்க்கிறீர்களா? பிரிவு எண்ணோடு எழுதுங்கள்

மசோதாவின் தலைப்பை நம்பாதீர்கள். கடைசிப் பக்கம் வரை படியுங்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடைசிப் பிரிவான 44-இல்தான், உட்பிரிவு 3-ஆக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான வெட்டு இருந்தது. பொதுநலன் பெரிதென்றால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அந்த உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் இருந்த வாசகம் அதனால் போனது. விலக்குள்ள தகவலையும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தகவல் அலுவலர் மறுப்பது எளிதாகிவிட்டது.

சட்ட வரைவு பற்றி மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது மத்திய அரசின் 2014ஆம் ஆண்டுக் கொள்கை. அது சட்டமல்ல, மீறுகிறார்கள். எனவே முதல் வாரத்திலேயே மனுவை முடியுங்கள்.

மனுவில் பிரிவு எண், இப்போதைய வாசகம், அதனால் வரும் கேடு, நீங்கள் கேட்கும் மாற்று வாசகம் நான்கும் வேண்டும். கேடு என்ன என்பதை ஊர் அளவில் காட்டுங்கள்: நூறு நாள் வேலைப் பட்டியலில் பெயர்களை மறைத்தால் போலிப் பெயரை யார் கண்டுபிடிப்பது? ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் ஒரே கருத்தாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

நாடாளுமன்றக் குழுவுக்குத் தரும் மனு குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும். வெளியிட வேண்டியதைத் தனியாக எழுதுங்கள். நேரில் பேச விரும்பினால் மனுவிலேயே கேளுங்கள். மாற்று வாசகத்தை உங்கள் தொகுதி எம்.பி.யிடமும் கொடுத்து, விவாதத்துக்கு முன்பே திருத்தமாகத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.