போர்க்கப்பல் கவர் சேர்க்கப் போகிறீர்களா? கான்ஸ்டிடியூஷனில் தொடங்குங்கள்

போர்க்கப்பலின் தபாலாபீஸில் முத்திரை குத்திய உறையைத்தான் போர்க்கப்பல் கவர் என்கிறோம். என்னிடம் அப்படி ஒரு கவர் இருக்கிறது. சாதாரண வெள்ளை உறை, ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. வலது மூலையில் ஜார்ஜ் வாஷிங்டன் தலை போட்ட ஊதா நிற 3 சென்ட் ஸ்டாம்ப். அதை ஒட்டிக் கறுப்பு மையில் வட்ட முத்திரை, அதற்குள் யு.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷன் என்ற பெயரும் 1933 ஜனவரித் தேதியும். வட்டத்துக்கு வலப்பக்கம் ஸ்டாம்ப்பின் மேல் ஏறினாற்போல் படுக்கையாகத் தடித்த கோடுகள், அந்தக் கோடுகளுக்கு நடுவில் பொடி எழுத்தில் சான் டியாகோ. 1797-ல் கடலில் இறக்கிய அமெரிக்க மரப் போர்க்கப்பல், 135 வயதில் பனாமா கால்வாயைத் தாண்டி மேற்குக் கரைக்கு வந்து நின்றபோது, கப்பலுக்குள்ளேயே இருந்த தபாலாபீஸில் யாரோ ஒரு மாலுமி குத்திய முத்திரை அது. இந்தப் பக்கம் நான் வந்ததே இந்த ஒரு கவரால்தான். அதனால் யார் கேட்டாலும் முதலில் கான்ஸ்டிடியூஷனைத்தான் சொல்வேன்.

கொஞ்சம் பின்னணி. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் தபாலாபீஸ் வைக்க 1908-ல்தான் சட்டம் வந்தது, ஆகவே அதற்கு முந்தைய தேதியில் கப்பல் பெயரோடு யாராவது அமெரிக்கக் கடற்படை முத்திரை காட்டினால் தள்ளி நில்லுங்கள். 1930-களில் இந்தச் சேகரிப்பு பெரிய பைத்தியமாகவே பரவியது. 1932-ல் இதற்கென்று யுனிவர்சல் ஷிப் கேன்சலேஷன் சொசைட்டி என்ற சங்கமே தொடங்கிவிட்டார்கள், இன்னும் நடக்கிறது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே ஸ்டாம்ப் சேர்ப்பவர். அவர் 1934-ல் யு.எஸ்.எஸ். ஹூஸ்டனில் பயணம் போனார், அந்தக் கப்பலின் கவர்களைத் தனியாகத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1942 மார்ச் 1 அன்று சுந்தா நீரிணையில் ஜப்பானியர்கள் அந்தக் கப்பலை மூழ்கடித்தார்கள் என்பது தெரிந்த பிறகு அந்த முத்திரையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

சரி, ஏன் கான்ஸ்டிடியூஷன்? பள்ளிக் குழந்தைகள் போட்ட சில்லறைக் காசும் சேர்ந்துதான் அந்தக் கப்பலைப் பழுது பார்த்தார்கள். அதற்கு நன்றி சொல்வதுபோல 1931 ஜூலையிலிருந்து 1934 மே வரை ஊர் ஊராக, ஒரு சிறிய கடற்படைக் கப்பல் இழுத்துப் போக, சுமார் 90 ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். 45 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறிப் பார்த்தார்கள். போன துறைமுகத்தின் பெயரை முத்திரையின் கோடுகளுக்கு நடுவில் எழுத்துக் கோத்து மாற்றிக்கொண்டே வந்ததால், ஒரே கப்பலில் ஊருக்கு ஒன்றாக ஒரு முழு வரிசை சேர்க்கலாம். நிறைய பேர் கவர் கொடுத்துக் குத்தி வாங்கியிருக்கிறார்கள், அதனால் இன்றும் தாராளமாக, மலிவாகவே கிடைக்கிறது. ஊர்களின் பட்டியலை எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள், கிடைத்ததை டிக் அடியுங்கள், அவ்வளவுதான்.

வாங்கும்போது ஸ்டாம்ப்பைத் தேதியோடு சேர்த்துப் படிக்கப் பழகுங்கள். அமெரிக்காவில் சாதாரணக் கடிதக் கட்டணம் 1932 ஜூலை 6-ல் 2 சென்ட்டிலிருந்து 3 சென்ட் ஆனது. எனவே பயணத்தின் முதல் வருடத்துக் கவரில் 2 சென்ட்டும் பிறகு வந்ததில் 3 சென்ட்டும் இருப்பதுதான் இயல்பு. கூடுதலாக ஒட்டியிருந்தால் குற்றமில்லை, ஆசைக்கு ஒட்டுவார்கள். குறைவாக இருந்தால் கேள்வி கேளுங்கள். உறையின் இடப்பக்கம் அச்சடித்த படம், கேஷே என்பார்கள், அது அழகாக இருக்கிறதே என்று மயங்கிவிட வேண்டாம். முத்திரை உண்மையாகவே இருக்கும், படத்தை மட்டும் போன வருடம் யாரோ பிரிண்டரில் அடித்துச் சேர்த்திருப்பார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இன்க்ஜெட்டின் வண்ணப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும்.

முக்கியமாக, கவரை வெட்டாதீர்கள், வெட்டியதை வாங்காதீர்கள். முத்திரையும் ஸ்டாம்ப்பும் மட்டும் வரும்படி 2க்கு 4 இஞ்ச்சாக வெட்டிச் சேர்க்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அப்படி ஒரு கட்டு எனக்கு ஒரு வியாபாரியிடமிருந்து வந்தது, பிரித்துப் பார்த்தபோது வயிறு எரிந்தது. யார் எழுதினார்கள், யாருக்குப் போனது, பின்பக்கம் எந்த ஊரில் வந்து சேர்ந்தது என்பதெல்லாம் கத்தரிக்கோலோடு போய்விட்டது.

அடுத்து, போர்க்கால கவர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய பிறகு கப்பல் எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக முத்திரையிலிருந்து கப்பல் பெயரை எடுத்துவிட்டார்கள், வெறுமனே யு.எஸ். நேவி என்றுதான் இருக்கும். அப்போது அனுப்புநர் முகவரியைப் பாருங்கள், கப்பல் பெயர் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். 1942 ஏப்ரலிலிருந்து படையினருக்குத் தபால் செலவு கிடையாது, ஸ்டாம்ப் இருக்க வேண்டிய மூலையில் ஃப்ரீ என்று கையால் எழுதியிருப்பார்கள். தணிக்கை அதிகாரியின் முத்திரையும் கையெழுத்தும் கூடவே இருக்கும். பார்க்க எளிமையான கவர்கள்தான், ஆனால் நிஜமாக வீட்டுக்குப் போன கடிதங்கள். படம் போட்ட பத்துக் கவரைவிட எனக்கு இதில் ஒன்று போதும்.

போலிகள் அதிகம் திரிவது யு.எஸ்.எஸ். அரிசோனாவின் பெயரில். 1941 டிசம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டு மணி அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது பேர்ல் ஹார்பர் தாக்குதல் தொடங்கியது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் அரிசோனா வெடித்தது, அந்தக் கப்பலில் 1,177 பேர் இறந்தார்கள். அந்தத் தேதி போட்ட அரிசோனா முத்திரையை யாராவது நீட்டினால், அதுவும் பி.எம். என்று இருந்தால், பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1930-களின் நிஜமான அரிசோனா கவர்கள் இருக்கின்றன, பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

பொதுவாகச் செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. முகவரி பால்பாயிண்ட் பேனாவில் இருக்கிறதா? அமெரிக்கக் கடைகளுக்கு அந்தப் பேனா வந்ததே 1945 அக்டோபரில்தான். முகவரியில் நம் பின்கோடு மாதிரி ஐந்து இலக்க ஜிப் கோடு இருக்கிறதா? அது 1963-ல் வந்தது. புற ஊதா விளக்கை அடித்தால் பழைய காகிதம் மங்கலாக இருக்கும், போருக்குப் பின் வந்த வெளுப்பூட்டிய காகிதம் நீல வெள்ளையாக ஒளிரும். எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பலின் வரலாற்றைத் திறந்து, முத்திரையில் உள்ள நாளில் அது அந்த ஊரில் இருந்ததா என்று பாருங்கள். அமெரிக்கக் கடற்படையே தன் கப்பல்களின் வரலாற்றைத் தொகுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிப் போலி கழிந்துவிடும். அதைவிட, ஒவ்வொரு கவருக்கும் ஒரு கதை கிடைக்கும்.

நம் ஊரில் கேட்டால் எல்லாரும் எம்டன் கவர் கிடைக்குமா என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு போட்ட கப்பல், அதனால் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கால ஜெர்மன் கடற்படை முத்திரைகளில் கப்பல் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் எந்தக் காலத்தில் எந்தக் கப்பலிடம் இருந்தது என்று பட்டியல் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கை பழகிய பிறகு அந்தப் பக்கம் போங்கள்.

பட்ஜெட் சிறியது என்றால் 1950, 60-களுக்கு வாருங்கள். யு.எஸ்.எஸ். பார்பெரோ என்ற நீர்மூழ்கி 1959 ஜூன் 8 அன்று ஏவுகணைக்குள் 3,000 கடிதங்களை வைத்து ஃபுளோரிடா கரைக்கு ஏவியது, ஏவுகணைத் தபால்! அப்போலோ 11 வீரர்களை 1969 ஜூலை 24 அன்று கடலிலிருந்து மீட்ட யு.எஸ்.எஸ். ஹார்னெட்டின் அதே தேதிக் கவர்களும் நிறைய இருக்கின்றன.

நீங்களே எழுதி வாங்கவும் முடியும். இன்று விமானந்தாங்கி போன்ற பெரிய கப்பல்களில்தான் தபாலாபீஸ் இருக்கும், அதனால் அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் முகவரி எழுதிய உறையில் அமெரிக்க ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், இந்திய ஸ்டாம்ப் அங்கே செல்லாது. எந்த நாட்டுக்கும் போகும் குளோபல் ஃபார்எவர் ஸ்டாம்ப்பை அங்கே இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லி வாங்கி வையுங்கள். உறைக்குள் ஒரு கெட்டி அட்டை செருகுங்கள், இல்லாவிட்டால் முத்திரை குழியில் விழுந்து பாதிதான் பதியும். இதைப் பெரிய உறையில் போட்டு, கப்பலின் தபால் அதிகாரிக்கு நாலு வரியில் மரியாதையாக, தெளிவாகக் கையால் முத்திரை குத்தித் தரும்படி கேட்டு எழுதுங்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு கவர். அவர்களுக்கு அது வேலை நேரத்தில் கூடுதல் வேலை. கப்பல் கடலில் இருந்தால் மாதக்கணக்கில் ஆகும், நினைவூட்டல் போட்டுத் தொல்லை பண்ண வேண்டாம்.

வந்ததைப் பத்திரப்படுத்துவதில் நம் ஊருக்கு எதிரி ஈரமும் ராமபாணப் பூச்சியும். பி.வி.சி. உறை வேண்டாம், நாளாக ஆக ஒட்டிக்கொள்ளும். பாலிஎஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறையில் போட்டு, டப்பாவில் நிற்க வைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தை மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள். செல்லோ டேப், ரப்பர் பேண்ட், லேமினேஷன் மூன்றும் கூடாது. குறிப்பு எழுதினால் பென்சிலில், தனிச் சீட்டில், கவரின் கூடவே.