மலையில் இருந்துகொண்டு லினக்ஸ் தேர்ந்தெடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்போ புதிய பிராசஸரோ இல்லாத, ஆனால் இன்னும் நன்றாக ஓடுகிற லேப்டாப்கள் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடுகளிலும் எஸ்டேட் ஆபீஸ்களிலும் ஏராளம். அவற்றில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட நினைத்து "எந்த லினக்ஸ் போடலாம்?" என்று கேட்டால் யூடியூபில் 'டாப் 10' வந்து கொட்டும். அந்த வீடியோ எடுத்தவர்கள் ஒரு ஹட்டியில் (படகர் கிராமத்தில்) ஒற்றைக் கோடு சிக்னலில் உட்கார்ந்து அப்டேட் இறக்கிப் பார்த்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

பட்டியலை நம்புவதுதான் முதல் தவறு. பலரும் மேற்கோள் காட்டும் டிஸ்ட்ரோவாட்ச் வரிசை, அந்தத் தளத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) பக்கத்தையும் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கு மட்டுமே. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது அதில் தெரியாது. காலேஜ் பையன்கள் கெத்துக்காகப் போடும் காளி லினக்ஸும் இப்படித்தான். பாதுகாப்புச் சோதனைக்காக உருவானது அது. வீட்டுக் கணக்கு எழுத அதில் ஒன்றுமில்லை.

மலையில் பெரிய தவறு என்று நான் நினைப்பது, நம்ம நெட் எப்படிப்பட்டது என்று யோசிக்காமல் டிஸ்ட்ரோவை முடிவு செய்வது. ஆர்ச், மஞ்சாரோ, டம்பிள்வீட் போன்றவை ரோலிங் வகை. புதிய பதிப்பு என்று தனியாக ஒன்று வராது, எல்லா மென்பொருளும் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். ஜூலை மழையில் கூடலூர்ப் பக்கம் மரம் விழுந்து லைன் போய், சில வாரம் கழித்து அப்டேட் கொடுத்தால் ஜிபி கணக்கில் இறங்கும். தினம் ஒன்றரை ஜிபி டேட்டா பேக்கை நம்பி இருப்பவருக்கு இது சரிப்படாது. டெபியன் ஸ்டேபிள், உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), அதன்மேல் கட்டப்பட்ட மின்ட் ஆகியவற்றில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வரும், அளவும் குறைவு. எல்டிஎஸ் என்ற எழுத்துகளைப் பார்த்து எடுங்கள்: அதற்கு 5 வருட ஆதரவு உண்டு. இடையில் வரும் சாதாரண உபுண்டு பதிப்புக்கு 9 மாதம்தான், ஃபெடோராவுக்குச் சுமார் 13 மாதம். அப்புறம் முழு இயங்குதளத்தையும் மேம்படுத்தியாக வேண்டும். ஃபிளாட்பேக் என்ற ஆப் நிறுவும் முறையில் ஒரு சின்ன ஆப் நிறுவினாலும் முதல் தடவை அதற்குத் துணையாக நூற்றுக்கணக்கான எம்பி சேர்ந்து வரும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

இறக்குவதையே கீழே போகும்போது முடித்துக்கொள்வது நல்லது. மின்ட் 22 ஏறக்குறைய 3 ஜிபி, உபுண்டு 24.04 கிட்டத்தட்ட 6 ஜிபி. கோயம்புத்தூரில் யார் வீட்டிலாவது ஃபைபர் இருந்தால் வேலை எளிது. இறக்கியதும், ஃபைல் முழுதாக வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு சரிபார்த்துவிடுங்கள். பாதியில் கெட்டுப்போன ஃபைல் என்று மலையேறி வந்தபிறகு தெரிவதில் பிரயோஜனம் இல்லை.

அடுத்து, லைவில் ஓட்டிப் பார்க்காமல் நேரே நிறுவுவது. பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே எல்லாவற்றையும் சோதிக்கலாம். வைஃபை வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா, ஹெட்செட்டில் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். பழைய லேப்டாப்களில் பிராட்காம் வைஃபை சிப் இருந்தால் டிரைவரைத் தனியாக இறக்க வேண்டியிருக்கும். இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு அந்த டிரைவர் வேண்டும். அதற்கும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் சொருகி யூஎஸ்பி டெதரிங் போட்டால் கேபிள் நெட்வொர்க் போலவே வந்து நிற்கும். பிரிண்டரில் ஒரு டெஸ்ட் பேஜ் கட்டாயம் எடுங்கள். கேனான் எல்பிபி 2900 மாதிரி சொந்த மொழி பேசும் பிரிண்டர்கள் லினக்ஸில் படுத்தும்.

ஹோம்ஸ்டே நடத்துபவருக்குப் பிரவுசர் போதும், எந்த டிஸ்ட்ரோவும் ஓடும். ஆபீஸ் கதை வேறு. டேலி விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. அதில் கணக்கு போடுகிற மெஷினை விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றுவதே புத்திசாலித்தனம். டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் வைத்திருப்பவர்கள் அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் திறந்தால் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம். அதே எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், புதிதாக அடிப்பதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிட்டால் டைப்பிங் பிரச்சினை தீர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு இரண்டு டிஸ்ட்ரோக்களுக்கு இடையே குழப்பம் வந்தால், போன் போட்டால் உதவக்கூடிய ஆள் எதை வைத்திருக்கிறாரோ அதையே போடுங்கள். ஆபீஸில் ஆளுக்கொரு டிஸ்ட்ரோ என்று போக விடாதீர்கள்.

விண்டோஸோடு சேர்த்து வைப்பதாக இருந்தால் பார்ட்டிஷனில் (டிஸ்க் பிரிவுகளில்) கை வைப்பதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போகலாம். டெஸ்க்டாப்பில் யூபிஎஸ் இல்லாமல் நிறுவலைத் தொடங்கவே வேண்டாம். பார்ட்டிஷன் மாற்றும் நேரத்தில் கரண்ட் போனால் இரண்டு இயங்குதளமும் சேர்ந்தே போய்விடலாம்.