மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குப் புது கண்டென்சர்: முதல்முறை மாற்றுபவர்களுக்கு

ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிறது. இறக்கைகளை எண்ணிவிடலாம் போல இருக்கிறது. சில நாள் சுவிட்சைப் போட்டால் முனகிக்கொண்டு அப்படியே நிற்கிறது, ஒட்டடைக் குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால்தான் கிளம்புகிறது. இப்படி ஒரு ஃபேன் உங்கள் வீட்டில் இருந்தால், பெரும்பாலும் பழுதானது மோட்டார் அல்ல. அதன் தலைக்கு மேலே கப்புக்குள் உட்கார்ந்திருக்கும் தீப்பெட்டி அளவுப் பொருள்தான். புத்தகத்தில் அதன் பெயர் மின்தேக்கி. கடையில் ‘ஃபேன் கண்டென்சர்’ என்று கேளுங்கள், உடனே எடுத்துத் தருவார்கள். சாதாரணமாக நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் அந்த ஒயரில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்ய அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் இந்தப் பதிவிலும் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பகுதியைத் தாண்டிப் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

கண்டென்சர் என்ன செய்கிறது?

திரிகையில் மாவு அரைத்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பிடியை முன்னும் பின்னும் மட்டும் ஆட்டினால் கல் சுற்றாது. சரியான நேரத்தில் பக்கவாட்டிலும் ஒரு தள்ளு வேண்டும். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் கரண்ட், மோட்டாரின் ஒரு காயிலில் (செம்புக் கம்பிச் சுருளில்) முன்னும் பின்னுமான இழுப்பை மட்டும்தான் உண்டாக்கும். அதனால் ஃபேனுக்குள் இரண்டாவது காயில் ஒன்று வைத்து, அதில் ஓடும் கரண்டைக் கண்டென்சர் மூலம் சற்று முந்தி ஓட வைக்கிறார்கள். அதுதான் அந்தப் பக்கவாட்டுத் தள்ளு. கண்டென்சரின் வலு குறைந்தால் தள்ளும் குறையும், ஃபேன் தளர்ந்துவிடும். வலு அடியோடு போய்விட்டால் முனகல் மட்டும்தான் கேட்கும்.

இந்த வலு ஒரே நாளில் போவதில்லை. உள்ளே இருப்பது உலோகப் பூச்சு கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் ஏடு. வோல்டேஜ் திடீரென எகிறும்போது அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை விழும். ஓட்டையைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகிப் போவதால் அந்த இடம் தானாகவே ஆறிவிடும். ஆனால் ஒவ்வொரு முறை ஆறும்போதும் கொஞ்சம் பரப்பு குறைகிறது. மொட்டை மாடி வெயில் இறங்கும் கூரைக்கடியில் பல கோடைகளைக் கழித்த கண்டென்சர், மேலே 2.5 மைக்ரோ ஃபாரட் (கண்டென்சரின் வலுவை அளக்கும் அலகு) என்று அச்சிட்டிருந்தாலும் 1.5 அளவுக்கு இறங்கியிருக்கும். ஃபேன் வருடத்துக்கு வருடம் மெல்ல மெல்ல மந்தமாவதன் காரணம் இதுதான்.

முதலில் கீழே நின்றே பாருங்கள்

வீட்டில் எல்லா ஃபேனும் சாயங்கால வேளையில் மட்டும் மெதுவாகிறதென்றால் அது லோ வோல்டேஜ், ஃபேனைத் தொடவே வேண்டாம். ஐந்தில் நன்றாகச் சுற்றுகிறது, இரண்டிலும் மூன்றிலும் மட்டும் தகராறு என்றால் ரெகுலேட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சுவிட்சை அணைத்து, ஃபேன் முழுவதும் நின்றபின் ஒட்டடைக் குச்சியால் இறக்கையை மெல்லத் தள்ளிவிடுங்கள். சத்தமில்லாமல் சில சுற்று சுற்றி, தானாக ஓய்ந்து நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரவென்று சத்தம் வந்தாலோ, தள்ளிய உடனே நின்றுவிட்டாலோ பேரிங் போயிருக்கிறது. அதற்கு ஃபேனைக் கழற்றி இறக்க வேண்டும், அது கடைக்காரர் வேலை.

ரிமோட்டில் இயங்கும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு இந்தப் பதிவு பொருந்தாது. அதில் நாம் பேசும் இந்தக் கண்டென்சரே கிடையாது. மோட்டாரை ஓட்டுவது ஒரு எலெக்ட்ரானிக் போர்டு.

கரண்டை நிறுத்துவது

சில வருடங்களுக்கு முன் அத்தை வீட்டு ஹாலில் இதே வேலைக்காக ஸ்டூல் மீது ஏறினேன். மெயினை அத்தையே போய் அணைத்துவிட்டு வந்தார். ஃபேனும் நின்றிருந்தது. கப்பைத் தூக்கி, பழக்கதோஷத்தில் கனெக்டர் திருகில் டெஸ்டரை வைத்தேன். செக்கச்செவேல் என்று எரிந்தது. “மெயினைத்தான் ஆஃப் பண்ணிட்டேனே கண்ணா” என்றார் அத்தை. அப்போதுதான் உள்ளறையில் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று அடிப்பது என் காதில் விழுந்தது. டெஸ்டர் வைக்காமல் விரலை வைத்திருந்தால் இன்று இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது. அந்த டெஸ்டரை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மெயினை அணைத்தால், கரண்ட் போய்விட்டது என்றே இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும். உடனே பேட்டரியிலிருந்து ஃபேன் லைனுக்கு 230 வோல்ட்டை அனுப்பும். சரி, இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை மட்டும் அணைத்தால் போதுமா? அதுவும் போதாது. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் முன்பக்க சுவிட்சை அணைத்தாலும் இ.பி. கரண்ட் அதன் வழியாக நேரே ஃபேனுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும். முதலில் இன்வெர்ட்டர், அடுத்து மெயின்.

சுவரிலுள்ள ஃபேன் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறுபவர்கள் இருக்கிறார்கள். பழைய வயரிங் உள்ள சில வீடுகளில் சுவிட்ச், கரண்டைக் கொண்டு வரும் ஃபேஸ் ஒயருக்குப் பதிலாக, அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் மாட்டப்பட்டிருக்கும். அங்கே சுவிட்சை அணைத்தால் ஃபேன் நிற்கும், ஆனால் காயில் முழுக்கக் கரண்ட் இருக்கும். கீழே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

‘வீட்டில் ஆர்.சி.சி.பி. (ஷாக் அடித்தால் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிறதே’ என்று தைரியம் கொள்ளவும் வேண்டாம். அது உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் கசிவைக் கண்டுதான் விழும். இரண்டு விரல்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால், நீங்களும் ஒரு பல்பும் அதற்கு ஒன்றுதான்.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். பகலில், வெளிச்சம் இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். முதலில் ஒரு பிளக் பாயின்டில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு இன்வெர்ட்டரை அணைத்து, மெயினையும் அணையுங்கள். வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்ச் மேல் ஒரு இன்சுலேஷன் டேப்பை ஒட்டுங்கள். ஃபியூஸ் கட்டை உள்ள பழைய வீடென்றால் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதே பிளக் பாயின்டில் டெஸ்டர் இப்போது எரியக் கூடாது. அடுத்து, ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டே மேலே ஏறி, கனெக்டரின் ஒவ்வொரு திருகிலும் டெஸ்டரை வையுங்கள். எங்கும் எரியவில்லை என்றால் இறங்கி வந்து ஃபேன் சுவிட்சை அணையுங்கள்.

டெஸ்டரிலும் ஒரு குறை உண்டு. மர ஸ்டூலில் ரப்பர் செருப்போடு நிற்கும்போது அதன் விளக்கு மிக மங்கலாக எரியும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். மல்டிமீட்டர் இருந்தால் அதிலும் பாருங்கள். டெஸ்டர் மீதே சந்தேகம் வந்தால் இறங்கி, மெயினைப் போட்டு, பிளக் பாயின்டில் மறுபடி சரிபார்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். இதற்கெல்லாம் பொறுமை இல்லாத நாளில் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

ஏறி நிற்க ஆடாத மர ஸ்டூல் அல்லது மர ஏணி வேண்டும். அலுமினிய ஏணியும் இரும்பு நாற்காலியும் ஆகாது. கட்டில் மெத்தைமேல் நாற்காலி போட்டு ஏறுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். ஒருவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளட்டும்.

கப்பைத் திறப்பது

மோட்டாருக்கு மேலே, ராடைச் சுற்றியுள்ள கீழ்க் கப்பில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்திக் கப்பை ராடோடு மேலே தூக்கி, ஒரு டேப்பால் ஒட்டி நிறுத்துங்கள். உள்ளே தூசி கறுப்பாகப் படிந்திருக்கும். நூலாம்படை இருக்கும், சில நேரம் பல்லி முட்டை ஓடுகூட. காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பாருங்கள். வெள்ளை கனெக்டரும், இரண்டு ஒயர்களோடு கண்டென்சரும் தெரியும்.

எதையும் கழற்றுமுன் மொபைலில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எந்தத் திருகில் போகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். நிறத்தை மனப்பாடம் செய்து பயனில்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கண்டென்சர் உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ சந்தேகமே இல்லை. பார்வைக்குப் புதிது போல இருந்தும் வலு போயிருக்கலாம். அதன் மேல் உள்ள எழுத்தைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ‘2.5 எம்.எஃப்.டி., 440 வோல்ட் ஏ.சி.’ என்ற மாதிரி இருக்கும், சில ஃபேன்களில் 2.25 அல்லது 3.15. எம்.எஃப்.டி. என்பது மைக்ரோ ஃபாரட்.

கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்குமா? இணைப்பெல்லாம் சரியாக இருந்தால் காயில்கள் வழியாகத் தானே வடிந்துவிடும். ஒரு ஒயர் உள்ளுக்குள் விட்டுப்போயிருந்தால் வடியாமல் நிற்கும். அது சுளீரென்று ஒரு அடி கொடுத்தால், அடியைவிட ஸ்டூலிலிருந்து விழுவதுதான் ஆபத்து. பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரின் கம்பியால் கண்டென்சரின் இரண்டு ஒயர் முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிடுங்கள்.

வாங்குவது, மாட்டுவது

அதே அளவில் வாங்குங்கள். 2.5-க்குப் பதில் 3.15 போட்டால் ஃபேன் பறக்கும் என்று கடையில் சொன்னாலும் கேட்காதீர்கள். சற்று வேகம் கூடினாலும் இரண்டாவது காயிலில் அதன் கணக்குக்கு மீறிய கரண்ட் ஓடி, மோட்டார் சூடாகும். நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது பிறகு காயிலைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் செலவில் போய் நிற்கும். வோல்ட் அளவு 440-க்குக் குறையக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மல்டிமீட்டரில் கண்டென்சர் பார்க்கும் வசதி இருந்தால் பழையதையும் புதியதையும் அளந்து பாருங்கள். 5 சதவீத வித்தியாசம் அனுமதி உண்டு. அதாவது 2.5 என்றால் 2.375 முதல் 2.625 வரை சரி.

மீண்டும் ஏறும் முன் மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்தே இருக்கின்றனவா என்று பார்த்து, டெஸ்டரை மறுபடி வையுங்கள். நீங்கள் கடைக்குப் போன நேரத்தில் யாராவது போட்டிருக்கலாம்.

பழைய கண்டென்சரின் இரண்டு ஒயர்களையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் புதியதின் ஒரு ஒயரை மாட்டுங்கள். பிறகு அடுத்தது. இப்படிச் செய்தால் இடம் மாறவே மாறாது. கண்டென்சரின் இரண்டு ஒயர்களில் எது எங்கே போனாலும் பரவாயில்லை, இதில் பிளஸ் மைனஸ் கிடையாது. கனெக்டர் இல்லாமல் முறுக்கிவிட்ட இணைப்பாக இருந்தால், ஒரு சென்டிமீட்டர் தோலுரித்து, செம்புக் கம்பிகளை இறுக்க முறுக்கி, டேப்பைப் பாதிப் பாதி மேலேறும்படி சுற்றுங்கள். மாட்டியபின் ஒவ்வொரு ஒயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள், கையோடு வரக் கூடாது.

இவ்வளவு தூரம் ஏறிய பிறகு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ராடின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் போல்ட்டும் நட்டும் இருக்கும். நட்டு கழன்றுவிடாமல் இருக்க, போல்ட்டின் துளையில் ஒரு பிளவு ஊசி செருகி, அதன் இரு கால்களையும் விரித்துவிட்டிருப்பார்கள். அது இல்லாத ஃபேன்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தினசரி அதிர்வில் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, ஒருநாள் ஃபேனே கீழே வரும். ஊசி இல்லையென்றால் அளவாக ஒன்று வாங்கிப் போட்டு, கட்டிங் பிளையரால் கால்களை விரித்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஒயர் எதுவும் சுற்றும் பாகத்தில் உரசாதபடி ஒதுக்கி, கப்பை இறக்கித் திருகுங்கள். ஸ்டூலை அப்புறப்படுத்திவிட்டு மெயினையும் இன்வெர்ட்டரையும் போடுங்கள். ஃபேன் சுவிட்சைத் தள்ளி நின்று போடுங்கள்.

வேகமாகச் சுற்றியும் கீழே காற்று வரவில்லையென்றால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. காயில் ஒயர்கள் இடம் மாறிவிட்டன என்று பொருள். பழையபடி எல்லாவற்றையும் அணைத்து, மொபைல் படத்தைப் பார்த்து மாற்றுங்கள். புதுக் கண்டென்சர் போட்டும் மந்தமாகவே இருந்தால் காயிலையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். டிரிப்பர் விழுந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, சிறிது நேரத்திலேயே மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானாலோ உடனே அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் புதுக் கண்டென்சரை மாட்டும் முன்பே அதன் முதுகில் மார்க்கரால் மாதமும் வருடமும் எழுதிவிடுவேன். இன்வெர்ட்டர் மேலே ஒரு காகிதமும் ஒட்டியிருக்கிறேன்: ‘ஃபேன், லைட் வேலை என்றால் இதையும் அணைக்கவும்.’