பழைய கம்ப்யூட்டரில் கல்யாண டிவிடி ஓடவில்லையா? செய்யக்கூடாத தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் 2000-க்குப் பிறகு நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் வீடியோக்காரர் கொடுத்த சிடியிலும் டிவிடியிலும்தான் இருக்கின்றன. பல வீடுகளில் அதற்கு வேறு நகலே கிடையாது. பீரோவிலிருந்து அதை எடுத்து, எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ ஓடும் பழைய கம்ப்யூட்டரில் போட்டு, படம் வரவில்லை என்றதும் ஆளாளுக்குச் சொன்ன வைத்தியத்தையெல்லாம் செய்து பார்க்கிறார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய டிஸ்க்கும் அப்போதுதான் பாழாகிறது.

முதல் தவறு, கோளாறு எங்கே என்று பார்க்காமல் கை வைப்பது. டிஸ்க், டிரைவ், மென்பொருள் மூன்றில் எது என்று பிரிக்க ஐந்து நிமிடம் போதும். கடையில் வாங்கிய ஒரு சினிமா டிவிடி, வீட்டில் எழுதிய ஒரு டிவிடி, ஏதாவது ஒரு சிடி மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். டிவிடி டிரைவுக்குள் சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர் என இரண்டு உண்டு. சிடி ஓடுகிறது, எந்த டிவிடியும் ஓடவில்லை என்றால் டிவிடிக்கான லேசர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது திரும்பாது. சினிமா டிவிடி ஓடி, எழுதிய டிவிடி மட்டும் தகராறு செய்தால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. மை கம்ப்யூட்டரில் டிஸ்க்கைத் திறந்தால் 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டரும் உள்ளே ஃபைல்களும் தெரிகின்றனவா? அப்படியானால் டிரைவ் டிஸ்க்கைப் படிக்கிறது. முதலில் மென்பொருளைப் பாருங்கள்.

எழுதிய டிஸ்க்கைப் போட்டதும் அது காலி டிஸ்க் என்பதுபோல் விண்டோஸ் 7 காட்டி, "இதை எப்படிப் பயன்படுத்த விரும்புகிறீர்கள்" என்று கேட்டால், 'கேன்சல்' தவிர எதையும் அழுத்தாதீர்கள். ஹேண்டிகேமிலோ டிவிடி ரெக்கார்டரிலோ பதிந்து, ஃபைனலைஸ் (மற்ற கருவிகளிலும் ஓடும்படி பதிவை முடித்து மூடுவது) செய்யாமல் விட்ட டிஸ்க் இப்படித் தெரியும். அடிப்புறத்தைச் சாய்த்துப் பாருங்கள்: நடுவிலிருந்து ஒரு வளையம் மட்டும் நிறம் மாறியிருந்தால் அதில் பதிவு இருக்கிறது. பதிந்த கருவியிலேயே போட்டு ஃபைனலைஸ் செய்ய முடிந்தால் அதுதான் சரியான வழி.

மென்பொருள் பக்கம் வருவோம். விண்டோஸ் எக்ஸ்பியில் டிவிடிக்குத் தேவையான எம்பெக்-2 டிகோடர் (டிவிடியில் சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டும் மென்பொருள்) கிடையாது. விண்டோஸ் 7-இல் ஹோம் பிரீமியமும் அதற்கு மேற்பட்ட பதிப்புகளும் அதோடு வந்தன. ஸ்டார்ட்டரிலும் ஹோம் பேசிக்கிலும் இல்லை. விண்டோஸ் 10-இலும் இல்லை. அதனால்தான் பழைய மெஷினில் 10 ஏற்றியதும் நேற்றுவரை ஓடிய டிவிடி நின்றுபோகிறது. இதற்கு இணையத்தில் கிடைக்கும் கோடெக் பேக்குகளை (டிகோடர் தொகுப்புகளை) ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதுதான் பலரும் செய்வது. அவை ஒன்றோடொன்று மோதி, ஓடிக்கொண்டிருந்த வீடியோக்களையும் கெடுக்கும். விஎல்சி என்ற இலவச பிளேயர் ஒன்று போதும். அதன் 3.0 வரிசை எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-இலும் ஓடும், டிகோடரும் உள்ளேயே இருக்கிறது. 'மீடியா' மெனுவில் 'ஓப்பன் டிஸ்க்' எடுத்து, மெனு திரையில் சிக்கி நின்றால் 'நோ டிஸ்க் மெனுஸ்' என்பதில் டிக் அடியுங்கள்.

படம் வருகிறது, ஆனால் விட்டு விட்டு வருகிறது என்பது வேறு கதை. "கம்ப்யூட்டர் பழசு, ரேம் போடணும்" என்ற முடிவுக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். டிவிடி வீடியோவின் உச்ச வேகமே வினாடிக்கு சுமார் 10 மெகாபிட்தான். பென்டியம் 4-க்கு அது பாரமில்லை. எக்ஸ்பி மெஷினில் இதற்கு அடிக்கடி காரணமாவது, டிரைவிலிருந்து தகவலை நேரே மெமரிக்கு அனுப்பும் டிஎம்ஏ என்ற வேகமான முறை நின்றுபோவது. கீறல் விழுந்த டிஸ்க்கைப் படிக்கும்போது ஆறு பிழைக்கு மேல் சேர்ந்தால், விண்டோஸ் அந்த டிரைவின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் பிஐஓ என்ற, பிராசஸரே எல்லாத் தகவலையும் சுமக்கும் மெதுவான முறையில் தள்ளிவிடும். அதற்குப் பிறகு நல்ல டிஸ்க் போட்டாலும் அதே இழுவைதான், ஏனென்றால் அது தானாக மேலே ஏறாது. டிவைஸ் மேனேஜரில் 'ஐடிஇ ஏடிஏ/ஏடிஏபிஐ கண்ட்ரோலர்ஸ்' விரித்து, 'செகண்டரி ஐடிஇ சேனல்' பிராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பாருங்கள். 'கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற இடத்தில் பிஐஓ என்றிருந்தால், மேலே உள்ளதை 'டிஎம்ஏ இஃப் அவெய்லபிள்' ஆக்குங்கள். அதற்கும் மாறவில்லையா? அந்தச் சேனலையே அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் வைக்கும். சில நாளில் மறுபடி பிஐஓவுக்கே போனால் பட்டைக் கேபிளையும் லென்ஸையும் சந்தேகப்படுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு சங்கதி. சினிமா டிவிடி உலகின் எந்தப் பகுதியில் ஓடலாம் என்பதற்கு ஒரு ரீஜன் எண் உண்டு. பிரான்சிலிருந்து உறவுக்காரர்கள் கொண்டுவரும் சினிமா டிவிடிகள் ரீஜன் 2. இந்தியாவுக்கு உரியது ரீஜன் 5. போட்டதும் ரீஜனை மாற்றட்டுமா என்று பிளேயர் கேட்கும். யோசிக்காமல் ஓகே அழுத்துவது பெரிய தவறு. ஐந்து முறைதான் மாற்றலாம், கடைசியாக வைத்த ரீஜனிலேயே டிரைவ் பூட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே பதிவாவதால் ஃபார்மட் செய்தாலும் போகாது. முதலில் விஎல்சியில் போட்டுப் பாருங்கள், பல டிரைவ்களில் ரீஜனை மாற்றாமலே ஓடிவிடும். பிரெஞ்சு டிஸ்க் நிறைய இருக்கும் வீட்டில், இன்னொரு டிரைவ் வாங்கி அதை 2-க்கே ஒதுக்குவது நல்லது. கல்யாண டிவிடிக்கு இந்தத் தடை எதுவும் இல்லை.

இனி துடைப்பது. உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேர்ந்து நம் ஊரில் டிஸ்க்கில் படலமும் பூஞ்சையும் படியத்தான் செய்யும். வட்டமாகத் துடைக்காதீர்கள். தகவல் சுழலாக எழுதப்பட்டிருக்கிறது; அதே திசையில் விழும் கீறல் ஒரு நீளத்தை முழுசாக மறைத்துவிடும், டிரைவால் சரிக்கட்ட முடியாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைத்தால் கீறல் விழுந்தாலும் குறுக்காகத்தான் விழும், அதைப் பிழைதிருத்தம் பார்த்துக்கொள்ளும். டூத்பேஸ்ட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீர், துவைத்துப் பழகிய மெல்லிய பருத்தித் துணி, இவ்வளவுதான் தேவை.

2011-இன் தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் நனைந்தது போன்ற சேறு படிந்த டிஸ்க் என்றால், காய்ந்த சேற்றைச் சுரண்டாமல் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் விடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசல் கேன் தண்ணீரில் இருக்கட்டும், இல்லையென்றால் காய்ந்த பிறகு வெள்ளைப் பொட்டு நிற்கும். வெயிலில் காயவைக்கக் கூடாது. எழுதிய டிஸ்க்கின் சாயப் பூச்சை வெயில் கெடுக்கும். நிழலில், நிமிர்த்தி வையுங்கள்.

சிடியின் மேல்புறத்தில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் முழுவதும் அடியில்தான். பிரதிபலிக்கும் படலம் மேலே அச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கரை உரித்தால் படலமும் சேர்ந்து வந்துவிடும். டியூப் லைட்டுக்கு எதிரே பிடிக்கும்போது ஊசித் துளையாய் வெளிச்சம் தெரிகிற இடத்தில் இருந்த காட்சி திரும்பக் கிடைக்காது. நடு ஓட்டையிலிருந்து வெடிப்பு ஓடும் டிஸ்க்கை டிரைவில் போடவே வேண்டாம். 52 எக்ஸ் டிரைவ் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று அளவுக்குச் சுழலும். டிஸ்க் உள்ளேயே சிதறலாம்.

டிரைவ் மாற்ற வேண்டியிருந்தால் மூடியைத் திறந்து கேபிளைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். அகலப் பட்டைக் கேபிள் என்றால் ஐடிஇ என்ற பழைய இணைப்பு. இப்போது கடையில் கிடைக்கும் சாட்டா டிரைவ் அதில் பொருந்தாது. யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்குவது சுலபம், எக்ஸ்பிக்குத் தனி டிரைவர் தேவையில்லை. மின்சாரம் போதாமல் திணறாமல் இருக்க, சிபியூவின் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள்.

எப்படியோ டிஸ்க் ஓடிவிட்டது என்றால், உட்கார்ந்து பார்க்க ஆரம்பிப்பதும் தவறுதான். அடுத்த முறை ஓடும் என்பதற்கு உறுதியில்லை. உடனே நகல் எடுங்கள். 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டரை முழுசாக எடுங்கள், வீடியோ இருக்கும் பெரிய விஓபி ஃபைலை மட்டும் எடுத்தால் மெனுவும் காட்சி வரிசையும் போய்விடும். முழு டிஸ்க்கையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுப்பவர்கள், பென்டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 16 ஜிபி காலியாக இருந்தாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை அது ஏற்காது, நிரம்பிய டிவிடி அதைத் தாண்டும். என்டிஎஃப்எஸ் ஆக்கிக்கொள்ளுங்கள். பழைய விசிடியில் (வீடியோ சிடி) வீடியோ இருக்கும் 'டாட்' ஃபைலை சாதாரணமாக காப்பி செய்தால் சின்னக் கீறலுக்கே 'சைக்ளிக் ரிடண்டன்சி' பிழை காட்டி நின்றுவிடும். டேட்டா சிடிக்கு இருக்கும் கூடுதல் பிழைதிருத்தம் விசிடி வீடியோவுக்கு இல்லை என்பதே காரணம். ஐஎஸ்ஓபஸ்டர் போன்ற மென்பொருளில் எடுத்தால் கெட்ட இடத்தைத் தாண்டி மீதியைக் காப்பாற்றலாம்.

நகல் முடிந்ததும் முதல் நிமிடத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் நடுவிலிருந்து வெளியே நோக்கி எழுதப்படுவதால், கைபட்டுத் தேய்ந்த விளிம்பில் இருப்பது நிகழ்ச்சியின் முடிவுதான்.