எதிர்காற்றை முதலில் சந்தித்த பிறகு
புல்வெளிக் காப்பகத்தின் சமதளப் பாதையில் 10 கிலோமீட்டர் ஓடும்போதெல்லாம், முதல் பாதியை எளிதாகக் கடந்துவிட்டு, திரும்பும் வழியில் கால்கள் கனத்து, மூச்சு வாங்கி, நடந்தே வந்து சேர்வேன். பயிற்சி போதவில்லை என்று நெடுநாள் வருந்தினேன். உண்மையில், மரமோ மேடோ தடுக்காத அந்த வெளியில் காற்று என் முதுகைத் தள்ளியதை நான் உணரவே இல்லை. பின்காற்று மிச்சப்படுத்தும் ஆற்றலைவிட எதிர்காற்று பறித்துக்கொள்வது அதிகம். இப்போது தொடக்கத்தில் ஒரு நிமிடம் நின்று, புற்கதிர்கள் எந்தப் பக்கம் சாய்ந்து நடுங்குகின்றன என்று பார்த்து, அவை என்னை நோக்கிச் சாயும் திசையிலேயே முதலில் ஓடுகிறேன். அப்போது கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பொருட்படுத்தாமல் மூச்சின் சீரையே கவனிக்கிறேன். பின்காற்றில் வியர்வை எளிதில் காயாமல் உடல் சூடேறுவதால், தண்ணீரில் பெரும்பகுதியைத் திரும்பும் வழிக்கே வைத்துக்கொள்கிறேன்.