அடாரி 2600-க்கு ஆடியோ சிடி: விளையாட்டை லோடு ஆகவிடாத தவறுகள்

பழைய கன்சோல் சேகரிப்பவர்களிடம் ஒரு வினோதமான டிஸ்க் இருக்கும். சாதாரண சிடி பிளேயரில் போட்டால் பாட்டு வராது. ஃபேக்ஸ் மெஷின் அலறுவது போல சில நொடிகளுக்கு ஒரு கீச்சொலி கேட்கும், அப்புறம் அமைதி. அடுத்த டிராக்கிலும் அதே கதைதான். அந்தக் கீச்சொலி ஒவ்வொன்றும் ஒரு வீடியோ கேம்.

இதன் மூலக்கதை 1982-ல் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டார்பாத் நிறுவனம், டிவியில் இணைத்து ஆடும் அடாரி 2600 என்ற கேம் கன்சோலுக்கு சூப்பர்சார்ஜர் என்ற துணைக்கருவியை விற்றது. கன்சோலில் கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்தில் இதைச் செருக வேண்டும். அதிலிருந்து நீளும் ஒரு வயரை கேசட் பிளேயரின் இயர்போன் ஜாக்கில் மாட்டி, விளையாட்டை டேப்பிலிருந்து ஏற்றுவார்கள். அடாரி 2600-இல் இருக்கும் ராம் (தற்காலிக நினைவகம்) வெறும் 128 பைட். சூப்பர்சார்ஜர் அதனுடன் 6 கேபி சேர்த்தது. ஒரு தடவை ஏற்றுவது முழுவதும் அந்த 6 கேபிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். கார்ட்ரிட்ஜ் தயாரிப்பதைவிட கேசட்டில் பதிவது மலிவு என்பதால் விலையும் குறைவு. ஆனால் வீடியோ கேம் சந்தை சரிந்த காலம் அது. ஸ்டார்பாத் 1984-ல் எபிக்ஸ் நிறுவனத்துடன் இணைந்துவிட்டது.

டேப்பில் இருப்பது ஒலிதான் என்றால் அதை சிடியிலும் வைக்கலாமே? 1990-களில் ரசிகர்கள் சிலர் அதைத்தான் செய்தார்கள். ஸ்டார்பாத் விளையாட்டுகளை ஒரே ஆடியோ சிடியில் சேர்த்து 'ஸ்டெல்லா கெட்ஸ் எ நியூ பிரெய்ன்' என்ற பெயரில் வெளியிட்டார்கள் (அடாரி 2600-இன் உள்வட்டப் பெயர் ஸ்டெல்லா). இன்று மேக்வேவ் போன்ற சின்ன மென்பொருள் இருந்தால் நாமே விளையாட்டுக் கோப்பை வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு) ஒலியாக மாற்றி டிஸ்க்கில் எழுதிக்கொள்ளலாம். எழுதுவது சுலபம். எழுதிய டிஸ்க் லோடு ஆவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த ஒலிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பாதித் தவறுகள் தானாக விலகும். ஒவ்வொரு பிட்டும் ஓர் ஒற்றை அலை. அலை குட்டையாக இருந்தால் 0, நீளமாக இருந்தால் 1. சூப்பர்சார்ஜர் ஒலியின் இனிமையைக் கவனிப்பதில்லை, அலை எவ்வளவு நேரம் நீடித்தது என்று மட்டும் அளக்கிறது. 6 கேபி என்றால் 49,152 பிட். அவை 256 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் சரிபார்ப்பு எண் ஒன்று சேர்ந்து வரும். ஒரு பிட் பிசகினாலும் கணக்கு உதைக்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆக, பாட்டை நன்றாகக் கேட்க வைப்பதற்காகப் பிளேயரிலும் கணினியிலும் சேர்த்து வைத்திருக்கும் வசதிகள் எல்லாமே இங்கே எதிரிகள்.

டிஸ்க் எழுதும்போது

முதல் தவறு, வேவ் கோப்பை அப்படியே டேட்டா டிஸ்க்காக எழுதுவது. கணினி அதைத் திறக்கும், நமக்கும் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் பழைய சிடி பிளேயருக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. பர்ன் செய்யும் மென்பொருளில் 'ஆடியோ சிடி' என்பதைத் தேர்ந்தெடுத்துத்தான் எழுத வேண்டும்.

அடுத்தது எம்பி3. இது கொஞ்சம் ஏமாற்றுகிற விஷயம். அதிக பிட்ரேட்டில் சுருக்கிய எம்பி3 பல நேரம் லோடு ஆகிவிடும், அதனால் "எம்பி3 போதும்" என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எம்பி3 செய்வது, மனிதக் காதுக்குத் தெரியாத பகுதிகளைக் கழித்துவிடுவது. சூப்பர்சார்ஜருக்குக் காது கிடையாது. நல்ல பிளேயர், சரியான வால்யூம், புது டிஸ்க் எல்லாம் கூடிவந்தால் எம்பி3-யின் சேதம் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எல்லை தாண்டிவிடும், அப்போது பழி வயரின் மேலோ கன்சோலின் மேலோ விழும். இடம் மிச்சம் என்பதும் செல்லாத காரணம். ஒரு ஆடியோ சிடியில் 74 அல்லது 80 நிமிடம் இருக்கிறது, ஒரு லோடு ஒரு நிமிடம்கூட ஓடாது. 99 டிராக் என்ற வரம்பைத்தான் நீங்கள் முதலில் முட்டுவீர்கள். எம்பி3-யைத் திரும்ப வேவ் ஆக்கி எழுதினாலும் போனது போனதுதான்.

ஆடியோ சிடியின் அளவு நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஸ்டீரியோ. உங்கள் வேவ் கோப்பு மோனோ என்றால் கவலை இல்லை, பர்ன் மென்பொருள் இரண்டு பக்கமும் ஒன்றையே வைத்துவிடும். ஆனால் 48 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் அதை 44.1-க்கு மாற்றும்போது அலைகளின் விளிம்பு மழுங்கும். மாற்றுவதைவிட, மூலக் கோப்பிலிருந்து 44.1-லேயே புதிதாக ஒலியை உருவாக்குவது நல்லது.

பர்ன் மென்பொருளின் அமைப்புகளையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் நார்மலைஸ், ஒரு பாட்டு அடங்கும்போதே அடுத்தது மெல்ல எழும் கிராஸ்ஃபேட், டிராக்கின் தொடக்க அமைதியை வெட்டும் வசதி, மூன்றையும் அணைத்துவிட வேண்டும். கடைசி ஒன்றுதான் பலரையும் கவிழ்ப்பது. லோடு தொடங்குமுன் வரும் ஒரே சீரான ஒலியை வைத்துத்தான் சூப்பர்சார்ஜர் "தகவல் வரப்போகிறது" என்று தயாராகிறது. சில பிளேயர்கள் புது டிராக்குக்குத் தாவியதும் முதல் துளி நேரம் ஒலியை அடக்கி வைக்கும். அந்த முன்னொலி அதில் அடிபட்டால் மீதி முழுவதும் பழுதில்லாமல் வந்தும் பயனில்லை. ஒவ்வொரு டிராக்கின் முன்னாலும் ஒன்றிரண்டு நொடி வெற்று அமைதி விட்டு வையுங்கள்.

சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம். திரும்பத் திரும்ப எழுதலாம் என்ற ஆசை புரிகிறது, ஆனால் அந்த வகை டிஸ்க் லேசர் ஒளியை மிகக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்காது. ஒருமுறை மட்டும் எழுதும் சிடி-ஆர் வாங்குங்கள்.

எந்த விளையாட்டு அடங்கும் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஸ்டார்பாத் விளையாட்டுகள் மட்டுமல்ல, 2 கேபி, 4 கேபி அளவில் வந்த சாதாரண கார்ட்ரிட்ஜ் விளையாட்டுகள் பலவற்றையும் இப்படி ஏற்றலாம். 8 கேபி விளையாட்டு ஏறாது. 6 கேபி ராமில் அதற்கு இடமில்லை, எந்த டிஸ்க்கில் எழுதினாலும் சரி.

பிளேயரில்

டிஸ்க் சரியாக இருந்தும் லோடு ஆகவில்லை என்றால் பிளேயரைப் பாருங்கள். முதலில் ஒரு சின்ன சோதனை: கன்சோலைப் போட்டதும் சூப்பர்சார்ஜரின் தொடக்கத் திரை வருகிறதா? அதுவே வரவில்லை என்றால் குற்றம் டிஸ்க்கில் இல்லை. கன்சோலை அணைத்துவிட்டு, சூப்பர்சார்ஜரைக் கழற்றி, அதன் பித்தளை நிறத் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டு மறுபடி செருகுங்கள்.

திரை வருகிறது, ஒலி ஓடத் தொடங்கியதும் இரண்டு பக்கமிருந்தும் நீலப் பட்டைகள் நடுவை நோக்கி நகர்கின்றன என்றால் சிக்னல் உள்ளே போகிறது என்று அர்த்தம். பட்டைகள் சேர்ந்ததும் விளையாட்டு தொடங்கும். பட்டையே நகரவில்லை என்றால் பெரும்பாலும் வால்யூம் குறைவு. நகர்ந்து பாதியில் கெட்டால் வால்யூம் கூடுதல், அல்லது டிஸ்க்கில் கீறல். பாதிக்குச் சற்று மேலே தொடங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, லோடு ஆகும் இடத்தை அந்தப் பிளேயரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு பிளேயரில் அந்தக் குறி செல்லாது.

பிளேயரின் பின்பக்கம் இருக்கும் லைன் அவுட்டில் மாட்டுவது இன்னொரு பொதுவான தவறு. அங்கே ஒலியின் அளவு நிலையானது, நாம் ஏற்றி இறக்க வழியில்லை. இந்தக் கருவி கேசட் பிளேயரின் இயர்போன் ஜாக்கை நம்பிச் செய்தது என்பதால் ஹெட்போன் ஜாக்தான் பொருத்தம்.

ஜாக் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். சூப்பர்சார்ஜர் வயரின் முனை 3.5 மி.மீ. மோனோ பிளக். அன்றைய டேப் ரெக்கார்டர்கள் மோனோ, பொருந்திப்போனது. இன்றைய ஸ்டீரியோ ஜாக்கில் அதை நேராகச் செருகினால் வலது சேனல் கிரவுண்ட் இணைப்புடன் ஷார்ட் ஆகிறது. பல பிளேயர்கள் தாங்கிக்கொள்ளும், எல்லாம் தாங்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் ஒரு ஸ்டீரியோ-மோனோ அடாப்டர் போடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

கையடக்க சிடி பிளேயர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஆன்டி-ஷாக். நடக்கும்போது பாட்டு அறுந்துபோகாமல் இருக்க, ஒலியை முன்கூட்டியே படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் வசதி அது. நினைவகம் விலை உயர்ந்திருந்த காலம் என்பதால் பல மாடல்கள் அந்த ஒலியைச் சுருக்கித்தான் வைக்கும். அதாவது டிஸ்க்கில் சுத்தமான ஆடியோ இருந்தாலும் ஜாக்கில் வருவது சுருக்கிய ஒலி. எம்பி3 வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து எழுதியவர்களும் இங்கே விழுகிறார்கள், ஏனென்றால் இந்த வசதியைக் காதால் கண்டுபிடிக்கவே முடியாது. பொத்தான் இருந்தால் அணையுங்கள், இல்லையென்றால் மேசையில் வைக்கும் வீட்டுப் பிளேயருக்கு மாறுங்கள். பாஸ் பூஸ்ட், ஈக்குவலைசர், சரவுண்ட் இவையும் அணைந்திருக்கட்டும்.

டிஸ்க்கே வேண்டாம், மடிக்கணினியிலிருந்து வேவ் கோப்பை ஓட்டுகிறேன் என்றால் அதுவும் நடக்கும். அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிட்டு, ஒலி மேம்பாடு என்ற பெயரில் இருப்பவற்றை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். புளூடூத் ரிசீவர் மட்டும் வேண்டாம், அதுவும் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்புகிறது.

பல பாகமாக வரும் விளையாட்டுகள்

டிராகன்ஸ்டாம்பர், எஸ்கேப் ஃப்ரம் த மைண்ட்மாஸ்டர் போன்றவை ஒரே லோடில் முடியாது. டிராகன்ஸ்டாம்பர் மூன்று பாகம்: முதலில் திறந்த வெளி நாடு, அப்புறம் கிராமம், கடைசியில் டிராகனின் குகை. ஒரு பாகம் முடிந்ததும் விளையாட்டே அடுத்ததைக் கேட்கும். டேப்பில் ஆடியவர்கள் லோடு முடிந்ததும் ஸ்டாப் அழுத்திவிடுவார்கள், டேப் அங்கேயே காத்திருக்கும். சிடி தானாக அடுத்த டிராக்குக்குப் போய்விடும். விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த பாகத்தின் ஒலி ஓடி முடிந்துவிட்டால் கெடுதல் எதுவும் இல்லை, கேட்கும்போது அந்த டிராக்கை மறுபடி போட்டால் போதும். குழப்பம் வருவது எது எந்த டிராக் என்று தெரியாதபோதுதான். பாகத்துக்கு ஒரு டிராக் என்று தனித்தனியாக எழுதி, பட்டியலை உறையில் வைத்துவிடுங்கள். ஷஃபிள் அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் கன்சோலை மட்டும் அணைக்கக் கூடாது. ராம் காலியாகிவிடும், பாகம் ஒன்றிலிருந்து ஆட வேண்டியதுதான்.

எடுத்து வைப்பது

சிடி-ஆரில் அடிப்பக்கம் கீறாமல் பார்த்துக்கொள்பவர்கள் மேல்பக்கத்தை அலட்சியம் செய்வார்கள். உண்மையில் மேல்பக்கம்தான் பலவீனம். ஒளியைத் திருப்பும் படலமும் அதன்மேல் மெல்லிய அரக்குப் பூச்சும் அங்கேதான் இருக்கின்றன. அடிப்பக்கக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு, மேலே படலம் உரிந்தால் அந்தத் தகவல் போயே போச்சு. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், பசை லேபிள் ஒட்டாதீர்கள். சிடிக்கென்று விற்கும் மார்க்கரால் நடுத்துளையைச் சுற்றியுள்ள ஒளி ஊடுருவும் வளையத்தில் எழுதினால் போதும். வெயில் படும் அலமாரி ஆகவே ஆகாது, சிடி-ஆரின் சாயம் வெளிச்சத்தில் மங்கும். துடைக்கும்போது வட்டமாக இல்லாமல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும்.

ஆடியோ சிடியில் தேய்மானம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். டேட்டா சிடியில் பிழை திருத்தத்துக்கு ஓர் அடுக்கு கூடுதலாக இருக்கிறது, ஆடியோ சிடியில் அது கிடையாது. திருத்த முடியாத இடம் வந்தால் பிளேயர் அக்கம்பக்க மாதிரிகளை வைத்து ஊகித்து நிரப்பிவிடும். பாட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இங்கே ஒரு பிட்டே சில மாதிரிகள்தான் என்பதால் ஓர் ஊகம் ஒரு பிட்டைப் புரட்டிப் போடலாம். "காதுக்கு நன்றாகத்தானே கேட்கிறது" என்பது டிஸ்க் நலமாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

பிரதி எடுக்கும்போது ஐஎஸ்ஓ (டேட்டா டிஸ்க்கைப் பிரதி எடுக்கும் வடிவம்) கோப்பாக எடுக்காதீர்கள். அந்த வடிவத்தில் ஆடியோ டிராக்குகள் நிற்காது. பின்-கியூ (.bin, .cue) என்ற இரண்டு கோப்புகளின் ஜோடியாக எடுக்கலாம், அல்லது டிராக்குகளைப் பிழை சரிபார்க்கும் ரிப்பிங் மென்பொருளால் எடுத்து வேவாகவோ ஃப்ளாக்காகவோ வைக்கலாம். ஃப்ளாக் இடத்தைக் குறைக்கும், ஒலியில் எதையும் இழக்காது.

இவ்வளவும் செய்தாலும் டிஸ்க்கை மூலமாக நம்ப வேண்டாம். மூலம் எமுலேட்டர்கள் (பழைய கன்சோலைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்கள்) படிக்கும் அந்தச் சின்ன விளையாட்டுக் கோப்புதான் (இதுவும் .bin என்றுதான் முடியும்), அதிலிருந்து எத்தனை டிஸ்க் வேண்டுமானாலும் எழுதலாம். சூப்பர்சார்ஜர் கோப்பில் ஒரு லோடு 8,448 பைட் என்பது வழக்கம், ரசிகர்கள் புதிதாக எழுதும் ஹோம்ப்ரூ விளையாட்டுகள் சிலது வெறும் 6,144 பைட்டாகவும் வரும். டிராகன்ஸ்டாம்பர் என்றால் மூன்று லோடு, 25,344 பைட். உங்களிடம் இருப்பது 16,896 என்று காட்டினால் டிஸ்க்கையும் வயரையும் மாற்றிப் பார்த்து நேரத்தைப் போக்க வேண்டாம், டிராகனின் குகை அந்தக் கோப்பிலேயே இல்லை.