இடுப்பு மூட்டு மாற்றிய அன்றே வீடு திரும்புகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

காலையில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன், சாயங்காலம் வீடு என்று இப்போது சிலருக்குச் செய்கிறார்கள். உடல்நிலை ஒத்துவருகிறவர்களுக்கு மட்டும் செய்யும்போது, தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்களைவிடச் சிக்கல் கூடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அன்றே வந்துவிட்டார் என்பதற்காக நாமும் கேட்பதுதான் முதல் தவறு. இதய நோய், கட்டுக்குள் வராத சுகர், ரத்தசோகை இருந்தால் ஓரிரு நாள் தங்குவதே நல்லது.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் மறக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரைப் பல வருடம் குடித்த சிலருக்கு முதுகெலும்பு இறுகியிருக்கும். முதுகு வளையாவிட்டால் புது மூட்டு நழுவும் வாய்ப்பு அதிகம். முதுகில் மயக்க ஊசி போடுவதும் சிரமமாகலாம். வெளியூர் டாக்டருக்கு இது தோன்றாமல் போகலாம். நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வீடு. எல்லாம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், முதல் ராத்திரியே டாய்லெட் போக வேண்டியிருக்கும். பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால், முதல் சில வாரங்களுக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்க வேண்டாம் என்பார்கள். குந்துவது, பாயில் உட்காருவது, கால் மேல் கால் போடுவது எதுவும் கூடாது. நம் பக்கம் பல வீடுகளில் டாய்லெட் வெளியே, படி இறங்கித்தான் போக வேண்டும். கமோடு நாற்காலி, உயரமான கட்டில், ராத்திரி துணைக்கு ஒரு ஆள் எல்லாம் தயாரான பிறகே தேதி குறியுங்கள்.

வண்டி காத்திருக்கிறது என்று டிஸ்சார்ஜுக்கு அவசரப்படுத்தவும் வேண்டாம். தலைசுற்றல் இல்லாமல் வாக்கர் பிடித்து நடக்க வேண்டும், சிறுநீர் தடையில்லாமல் போக வேண்டும். அப்புறம்தான் கிளம்பலாம்.

வலி குறைந்ததும் ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இது ஆபத்து. டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிட்டே ஆக வேண்டும். எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டாம்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினாலோ, திடீர் வலியோடு கால் குட்டையானாலோ உடனே 108. அஞ்செட்டி, பென்னாகரம் மலையோர ஊர்க்காரர்கள் முதல் சில நாள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது நல்லது.